வெளுத்த முகங்களை என்ன செய்வது

நமது கலை விமர்சனம் திறப்பு விழாவோடு முடிந்து போகிறது. ஒரு சிலை, ஒரு நினைவுத் தூண், ஒரு சுவர் என்று எது திறக்கப்பட்டாலும் மறுநாள் அதைப் பற்றி எழுதுகிறவர்கள் உண்டு. பத்து வருஷம் கழித்து அது என்ன நிலையில் நிற்கிறது என்று போய்ப் பார்த்து எழுதுகிறவர்கள் இல்லை. கவிதைக்கு இந்தச் சங்கடம் கிடையாது; காகிதம் பழுத்தால் மறுபதிப்புப் போடலாம், கவிதைக்குச் சேதமில்லை. சட்டம் போட்ட ஓவியத்துக்கும் ஓரளவு கிடையாது; வாங்கிய கனவான் அதைக் குளிர்ந்த அறையில் மாட்டி வைப்பார். ஆனால் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கென்றே, அந்த இடத்தில் நடந்ததற்காகவே செய்யப்பட்டு வெட்டவெளியில் நிற்கும் படைப்பு தினமும் வயதாகிக்கொண்டிருக்கிறது. அதில் புகைப்படங்களும் சேர்ந்திருந்தால், வயதாவது கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் நடக்கிறது. கான்கிரீட் ஐம்பது வருஷம் நிற்கும். அச்சிட்ட முகம் ஐந்தாறு மழைக்காலம் தாங்கினால் அதிகம்.

அந்த முகங்கள் வெளுத்த பிறகு என்ன செய்வது? புதிய பிரதி போட்டு மாற்றுவதா? வெளுத்ததை அப்படியே பத்திரப்படுத்துவதா? வெளுக்கட்டும் என்று விட்டுவிடுவதா? இது பராமரிப்பு இலாகாவின் கேள்வி என்று நண்பர்கள் நினைக்கலாம். எனக்கு இது முழுக்க விமர்சனத்தின் கேள்வியாகவே படுகிறது. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று சொல்ல வேண்டுமென்றால், அந்தப் படைப்பு எதில் இருக்கிறது என்று முதலில் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வது விமர்சகனின் வேலை, மேஸ்திரியின் வேலை அல்ல.

பேசுவதற்கு ஒரு ஸ்தூலமான உதாரணம் வேண்டும். கொழும்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் பக்கத்தில் சீதுவ என்ற ஊர். அங்கே ரத்தொலுவ சந்தி. 1987-லிருந்து 1989 வரை தென்னிலங்கையில் ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அரசு அடக்கிய விதமுமாகப் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் சிங்கள இளைஞர்கள், பிடித்துப் போகப்பட்டுத் திரும்பவில்லை. 1989 அக்டோபர் 27 அன்று, ஏற்றுமதி வலயத் தொழிலாளர் பிரச்னையில் நின்ற இருவரின் உடல்கள் இந்தச் சந்தியில் எரிக்கப்பட்டன. காணாமல் போனவர்களின் குடும்பத்தினர் தங்கள் நினைவுச் சின்னத்துக்கு இந்த இடத்தைத்தான் தேர்ந்துகொண்டார்கள். ஓவியர் சந்திரகுப்த தேனுவர வடிவமைக்க, 2000-ல் அது எழுந்தது. சோதனைச் சாவடிகளில் ராணுவம் நிறுத்தி வைத்த வர்ணம் பூசிய தகரப் பீப்பாய்களையே 1997-ல் தன் கலைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டு, அதற்குப் ‘பீப்பாய்வாதம்’ என்று பெயரும் சூட்டியவர் அவர். ரத்தொலுவவில் ஒரு கான்கிரீட் வடிவம் இருக்கிறது. சுவரில் வரிசையாகக் காணாமல் போனவர்களின் புகைப்படங்கள். வருஷா வருஷம் அக்டோபர் 27 அன்று குடும்பத்தினர் வந்து கூடுகிறார்கள். பூ வைக்கிறார்கள், விளக்கேற்றுகிறார்கள்.

இதை இடம் பெயர்த்தால் இது இதுவல்ல. நியூயார்க்கில் ரிச்சர்ட் செர்ரா 1981-ல் ஒரு சதுக்கத்தின் குறுக்கே வளைந்த இரும்புச் சுவர் ஒன்றை நிறுத்தினார். அலுவலகம் போகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று வழக்கு நடந்தது. வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாமே என்றபோது, மாற்றுவதும் அழிப்பதும் ஒன்று என்பதே அவர் கட்சியாக இருந்தது. 1989-ல் அதைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்துப்போனார்கள். இந்த வாதம் அமெரிக்கர்களுக்குப் புதிதாக இருந்திருக்கலாம். ஸ்தல புராணம் உள்ள ஊரில் பிறந்த நமக்குப் புதிதல்ல. மலையாலும் மரத்தாலும் சுனையாலும்தான் நம் சாமிகளுக்கே பெயர். ஆனால் செர்ராவின் இரும்பில் முகமில்லை. ரத்தொலுவவில் முகங்கள் இருக்கின்றன. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இடம் நகராது, முகம் நிற்காது. இரண்டையும் சேர்த்துக் கட்டிய படைப்பு இது.

முகம் ஏன் நிற்பதில்லை என்பதைக் கொஞ்சம் பௌதிகமாகவே பார்க்கலாம். கறுப்பு வெள்ளைப் படம் என்பது காகிதத்தின் மேல் பூசிய ஜெலட்டின். அதற்குள் வெள்ளித் துகள். ஜெலட்டின் மாட்டெலும்பிலும் தோலிலும் எடுப்பது. ஈரக் காற்றில் ஊதும். பூஞ்சைக்கு அது ஆகாரம். கலர் படத்தில் அந்த வெள்ளியும் கிடையாது, கழுவும்போதே போய்விடுகிறது. மிஞ்சுவது சாயம் மட்டும். இந்தச் சாயங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் சாவதில்லை. அலமாரி இருட்டில் கிடந்த பழைய கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் மாப்பிள்ளை பெண் உட்பட எல்லாம் செக்கச் சிவந்திருக்கும். நீலச் சாயம் முந்திக்கொண்டது. கடைத்தெருவில் வெயிலில் தொங்கிய பேனர் நீலம் பாரித்திருக்கும். அங்கே சிவப்பும் மஞ்சளும் முந்திக்கொண்டன. அருங்காட்சியகங்கள் புகைப்படத்தின்மேல் விழ அனுமதிக்கும் வெளிச்சம் வழக்கமாக 50 லக்ஸ். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குப் போகும். வங்கியில் வட்டி போட்டுப் பழகிய கைக்கு இந்தக் கணக்கு எளிது: வெயிலில் ஒரு மணி நேரம் என்பது அருங்காட்சியகத்தில் 2000 மணி நேரம், தினம் எட்டு மணி நேரம் திறந்திருக்கும் அறை என்றால் 250 நாள். அங்கே ஒரு வருஷத்தில் படுகிற வெளிச்சத்தை நம் ஊர் வெயில் ஒன்றரை மணி நேரத்தில் கொட்டிவிடுகிறது. கால் நூற்றாண்டு வெட்டவெளியில் இருக்கப்போகிற சுவரில் புகைப்படத்தை மாட்டுகிறவன், மாட்டும்போதே ஒரு கடனில் கையெழுத்துப் போடுகிறான்.

இந்தக் கடனை அடைக்க மூன்று வழி சொல்லப்படுகிறது.

முதல் வழி அருங்காட்சியகத்தின் வழி. அசலை இருட்டில் வை, பிரதியைச் சுவரில் வை. நல்ல விதிதான். ஆனால் இங்கே எது அசல்? காணாமல் போனவனின் படம் பெரும்பாலும் காணாமல் போகும்போது எடுத்த படம் அல்ல. அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. பள்ளிக்கூட குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையிலிருந்து வெட்டி எடுத்தது. அக்காள் கல்யாணத்தில் ஓரமாக நின்றவனைப் பக்கத்தில் நின்றவர்களிடமிருந்து பிரித்தது. சுவருக்கு வரும்போதே அது பிரதியின் பிரதி. அசல் வீட்டில், டிரங்குப் பெட்டியில், துணிக்கு அடியில் இருக்கிறது. அதைச் சுவரில் மாட்ட எந்தத் தாயும் கொடுத்திருக்க மாட்டாள், கொடுக்கவும் கூடாது. ரோலான் பார்த் புகைப்படத்தைப் பற்றி 1980-ல் எழுதிய புத்தகத்தின் இரண்டாம் பாதி அவர் தாயின் சிறுவயதுப் படம் ஒன்றைச் சுற்றியே போகிறது. புத்தகத்தில் அந்தப் படம் மட்டும் அச்சாகவில்லை. மற்றவர்களுக்கு அது இன்னொரு பழைய படம், அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆக, ரத்தொலுவ போன்ற சுவரில் காகிதம் அசல் அல்ல. இடம் அசல். அந்தக் காகிதத்தை அந்த இடத்துக்குக் கொண்டுவந்த உறவு அசல். அருங்காட்சியக விதி பாதுகாக்கத் தெரிந்துகொண்டிருப்பது இவை இரண்டையும் அல்ல.

இடம் அசல் என்பதற்கு எதிர்மறையான நிரூபணம் ஒன்று கம்போடியாவில் இருக்கிறது. நாம் பென் நகரத்து துவோல் ஸ்லெங் சிறையில் கெமர் ரூஜ் ஆட்கள், கொல்வதற்கு முன் கைதிகளைப் படமெடுத்து வைத்தார்கள். சிறை பின்னர் அருங்காட்சியகமாயிற்று. சுவர் முழுக்க முகங்கள். தொண்ணூறுகளில் அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் இருவர் அங்கே கிடந்த நெகடிவ்களைச் சுத்தம் செய்து புதிய பிரதிகள் போட்டார்கள். அவசியமான வேலை. 1997-ல் அவற்றில் 22 படங்கள் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் சட்டம் போட்டு மாட்டப்பட்டன. நெகடிவ் அதே, பிரதியின் தரம் மேல், வெளிச்சம் அளந்து வைத்தது. ஆனாலும் சிறைச் சுவரில் சாட்சியாக நின்ற முகங்கள், அங்கே நல்ல போர்ட்ரெயிட்டுகளாக மாறிவிட்டன. பாதுகாப்பு முழுமையாக இருந்தது. படைப்பு மட்டும் இல்லை.

இரண்டாவது வழி நிரந்தரத்தின் வழி. முகத்தைப் பீங்கானில் சுட்டுப் பதித்துவிடு, கறுப்புக் கல்லில் செதுக்கிவிடு. பீங்கானில் புகைப்படம் சுடும் வித்தை பிரான்ஸில் 1854-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பியக் கல்லறைகள் பூராவும் அது பரவிற்று. எங்கள் மாவட்டத்துக் கல்லறைத் தோட்டங்களிலும் பளபளக்கும் கல்லில் முகங்களைப் பார்க்கலாம். நவம்பர் 2 அன்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவை நன்றாகவே இருக்கின்றன. சிலியில் சாந்தியாகோ நகரத்துப் புல்னெஸ் பாலத்தருகே க்ளாதியோ பெரெஸ், ரொத்ரிகோ கோமெஸ் என்ற இருவர் பினோசே காலத்தில் காணாமல் போனவர்களின் முகங்களை ஓடுகளில் சுட்டுச் சுவராக்கினார்கள். வெயில் அவற்றை ஒன்றும் செய்யாது. ஓடு உடையும், பெயர்ந்து விழும் என்பது வேறு விஷயம்.

என் ஆட்சேபம் ஓடு உடைவதைப் பற்றியதல்ல. கல்லறையில் முகத்தைச் சுட்டுப் பதிப்பது பொருத்தம்; ஏனெனில் அங்கே விஷயம் முடிந்துவிட்டது, உடல் கீழே இருக்கிறது. காணாமல் போனவன் விஷயத்தில் முடியவில்லை. நம் வீடுகளில் ஒரு படத்துக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, சின்ன பல்பு எரியவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். காணாமல் போனவன் படத்துக்கு மாலை கிடையாது. அது ஒரு ஆணியில், காலண்டருக்குப் பக்கத்தில், உயிருள்ளவர்கள் வரிசையில் தொங்குகிறது. மாலையில்லாத அந்தப் படம் வீட்டின் முழு வாக்குமூலம். அதைக் கல்லில் செதுக்குகிறவன், தெரிந்தோ தெரியாமலோ, வீட்டார் போட மறுத்த மாலையை அவர்கள் சார்பில் போட்டுவிடுகிறான்.

ரத்தொலுவவையும் வன்னியையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இது துலங்கும். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்றலில் கொட்டகை போட்டுத் தமிழ்த் தாய்மார்கள் உட்கார்ந்தார்கள். நான்கு நாளில் வவுனியாவிலும் உட்கார்ந்தார்கள். அதை எந்தக் கலைஞனும் வடிவமைக்கவில்லை. ஆனால் தட்டியில் வரிசையாக மாட்டிய முகங்கள், கீழே பாயில் அதே முகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய் என்ற அந்த அமைப்பைப் பார்த்தவர்கள் எந்தக் காட்சிக்கூடத்துக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ரத்தொலுவவில் முகம் சுவரில் இருக்கிறது, அதற்குப் பூ வைக்க முடிகிறது. வன்னியில் முகம் கையில் இருக்கிறது, அதற்குப் பூ வைக்க முடியாது. மகனைக் கொடு என்று கேட்கத்தான் முடியும். 2016-ல் இலங்கை அரசு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ‘காணக்கிடைக்காமைச் சான்றிதழ்’ பெறலாம் என்று சட்டம் செய்தது. ஒரு வகையில் அந்தத் தாய் மடியில் வைத்திருப்பதே அந்தச் சான்றிதழ்தான். முத்திரை மட்டும் இல்லை. ஒரே தீவின் இரண்டு பக்கத்து முகங்களுக்கும் ஒரே பராமரிப்பு விதி பொருந்தாது. சுவரிலிருப்பதைக் கையிலெடுக்கவும் கூடாது, கையிலிருப்பதைச் சுவரில் அறையவும் கூடாது.

மூன்றாவது வழிதான் நம் வட்டத்து நண்பர்களுக்குப் பிடிக்கும் என்று பயப்படுகிறேன். வெளுக்கட்டும், காலமும் ஒரு கலைஞன்தான், மறதியையும் படைப்பு தன்னுள் ஏற்கட்டும் என்ற வழி. கேட்க நன்றாக இருக்கிறது. சிதிலத்தில் அழகு காண்பது ஒரு பழைய ரசனை, நாமும் ரசித்திருக்கிறோம். ஆனால் யாருடைய சிதிலம்? சுவாமித்தோப்பில் பள்ளியறையில் விக்ரகம் இல்லை, கண்ணாடி இருக்கிறது. எதிரே நிற்கிறவனின் முகம் அதில் தெரிகிறது; அவன் விலகினால் போய்விடுகிறது. போனதற்காக யாரும் கண்ணாடியைக் குறை சொல்வதில்லை, அதன் தர்மம் அது. புகைப்படத்தின் தர்மம் நேர் எதிரானது. ஆள் போன பிறகும் முகத்தை விடாமல் பிடித்து வைத்திருப்பதற்காகவே அது சுவருக்கு வந்தது. அது வெளுத்தால், பிடித்துப் போனவர்கள் எதை நம்பிப் பிடித்துப் போனார்களோ அது நடக்கிறது. காலம் போனால் எல்லாம் மங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்குக்கு அழகியல் பெயர் கொடுப்பது நம் வேலையல்ல. காலம் தெரிய வேண்டும் என்றால் அக்டோபர் 27 அன்று போய் நின்று பார்க்கலாம். படத்தில் மகனுக்கு இருபத்திரண்டு வயது; எதிரே தாய்க்கு எழுபத்தைந்து. காலம் அவள் முகத்தில் வேண்டிய அளவு தெரிகிறது. காகிதத்திலும் தெரிய வேண்டியதில்லை.

மூன்று வழியும் அடைபட்டால் மிஞ்சுவது மாற்றுவதுதான். வெளுக்க வெளுக்க மாற்றிக்கொண்டே இருப்பது. இதைத் தோல்வியாக, வேறு வழியில்லாமல் செய்கிற காரியமாகப் பார்க்க வேண்டியதில்லை என்பதே நான் சொல்ல வருவது. புகைப்படத்தை மாற்றுவது இத்தகைய படைப்பின் பராமரிப்பு அல்ல. அதுவே படைப்பின் ஒரு பகுதி. கான்கிரீட்டைக் கலைஞன் ஒரு தடவை செய்து முடித்தான். சுவரை மற்றவர்கள் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறார்கள். அது நிற்கும் நாள்வரை படைப்பு நடந்துகொண்டிருக்கிறது.

மாற்றுவதில் நமக்குப் பழக்கம் இல்லாமலில்லை. எங்கள் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் மூலவர் கல் அல்ல, கடுசர்க்கரை யோகம். அபிஷேகம் தாங்காத மேனி அது. 418 வருஷத்துக்குப் பிறகு 2022 ஜூலை 6-ல் கும்பாபிஷேகம் நடந்தது. பூரியில் மரத் திருமேனிகளையே மாற்றுகிறார்கள். கடைசியாக 2015-ல் மாற்றினார்கள். பழையவற்றைக் கோயில் வளாகத்துக்குள்ளேயே புதைக்கிறார்கள். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பக்தியை அல்ல, முறையை. பொருள் அழியும் என்பதை இந்த மரபு முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொண்ட பிறகு மூன்று கேள்விகளுக்கு மட்டும் கறாராகப் பதில் வைத்தது: யார் தொடலாம், எப்போது தொடலாம், பழையதை எங்கே வைப்பது. நவீன கலைக்காரன் இந்த மூன்றையும் கேட்பதே இல்லை. ஒப்புமை இதோடு நிற்கிறது. சாமியின் திருமேனிக்கு லட்சணம் உண்டு, சாஸ்திரத்தைப் பார்த்து மறுபடி வடிக்கலாம். புகைப்படத்துக்கு லட்சணம் கிடையாது. அந்த ஒருவன் மேல் பட்ட வெளிச்சம் அந்தப் படச்சுருளில் விழுந்தது என்பது மட்டுமே அதன் யோக்கியதை. ஆகவே மறுபடி வரையக் கூடாது, அச்சிடத்தான் வேண்டும்.

அந்த மூன்று கேள்விகளுக்கும் என் பதிலைச் சொல்கிறேன்.

யார் தொடலாம்? வீட்டார். அவர்கள் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதிய பிரதி சுவரேறலாம். ஒரு ஸ்தாபனம் நல்ல எண்ணத்தோடு ஒரே நாளில் எல்லாப் படங்களையும் ஒரே அளவில் ஒரே பளபளப்பில் அச்சிட்டு மாற்றிவிட்டால், சுவர் அழகாகும், உறவு அறுந்துவிடும். அரசாங்கத்திடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையிலேயே பாடம் இருக்கிறது. எம்பிலிப்பிட்டியவில் பிடித்துப் போகப்பட்ட பள்ளி மாணவர்களையும் அந்த வருஷங்களின் மற்ற அப்பாவிகளையும் முன்னிட்டு, ஜகத் வீரசிங்க 1999-ல் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவாலயம் செய்தார். ஒரு அரசு கேட்டுக் கட்டியது. பின்னால் வந்த அரசின் காலத்தில் அந்தப் பகுதியைப் பூங்காவாக்கினார்கள். இன்று அது அங்கே இல்லை. ரத்தொலுவ நிற்கிறது. ஒன்றைக் கட்டிய கை அதிகாரத்தின் கை, மற்றதைப் பிடித்திருப்பது ஆண்டுதோறும் வருகிறவர்களின் கை என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

எப்போது தொடலாம்? அடையாளம் தெரியாமல் போகும் முன்பு. முகம் மங்குவதுவரை பொறுக்கலாம்; கண்கள் போகும்வரை பொறுக்கக் கூடாது. இதோடு இன்னொன்றும் சேர்ந்தது: தொடும்போது திருத்தக் கூடாது. இப்போது கம்ப்யூட்டரில் மங்கிய படத்தைக் கூர்மையாக்கலாம், கறுப்பு வெள்ளைக்கு வர்ணம் ஏற்றலாம், இல்லாத கண்ணிமையை இயந்திரமே ஊகித்து நட்டுவைக்கும். வருகிற முகம் லட்சணமாகவே இருக்கும், ஆனால் அது எவனோ ஒருவன். அடையாள அட்டைப் படத்தின் மேல் ரப்பர் முத்திரையின் அரைவட்டம் விழுந்திருந்தால் அதுவும் இருக்கட்டும். அந்த முத்திரை வைத்தவர்களிடம்தானே கேள்வி கேட்கிறோம். படமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள், வீட்டோடு எரிந்துபோனது. யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011-ல் செய்த தோம்பு வேலையில், இடம்பெயர்ந்தவர்களை அவர்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அது கோணலாக வந்ததே அதன் சத்தியம். முகத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. படம் இல்லாதவனுக்குச் சட்டகம் காலியாகவே இருக்கட்டும், பெயரோடு.

பழையதை எங்கே வைப்பது? கழற்றியதைக் குப்பையில் போடக் கூடாது. புதியதற்குப் பின்னாலேயே, அதே சட்டகத்துக்குள் வைத்துவிடலாம். பின்புறத்தில் தேதி. இருபது வருஷத்தில் நான்கு படங்கள் ஒன்றின் பின் ஒன்றாகச் சேரும்; முன்னால் நிற்பது தெளிவாக இருக்கும், பின்னால் போகப் போக வெளுத்திருக்கும். சிதிலத்தை விரும்புகிற நண்பர்களுக்கும் அதில் வேண்டியது இருக்கிறது, ஆனால் அது சுவரைப் பார்க்க வருகிற தாயின் கண்ணில் படாது.

ஒரு கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. வீட்டார்தான் மாற்ற வேண்டும் என்றால், வீட்டார் தீர்ந்து போனால்? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உட்கார்ந்தவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். ரத்தொலுவவின் தாய்மார்களும் அதே வயதினர். இங்கே நாம் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புகைப்படம் ஒரு தடயம். அதே புகைப்படம் சுவரில் ஒரு படைப்பின் அங்கம். தடயம் என்ற முறையில் அதைப் பாதுகாக்க வேண்டிய கடமைக்கு முடிவே கிடையாது. வீட்டார் இருக்கும்போதே அசலை நல்ல முறையில் படியெடுத்து, நெகடிவ் இருந்தால் நெகடிவையும், ஆவணக் காப்பகத்தில் இருட்டிலும் குளிரிலும் வைக்க வேண்டும். 1880-லிருந்து 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் திரட்டிப் படியெடுத்திருக்கிறார்கள். செய்ய முடியாத காரியமல்ல. ஆனால் படைப்பு என்ற முறையில் சுவருக்கு ஒரு முடிவு இருக்கலாம். கடைசி உறவும் வராத வருஷத்தில் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் படம் மாற்றிக்கொண்டிருப்பதைவிட, அந்தச் சட்டகத்தைக் காலியாக விடுவது நேர்மை. காப்பகம் சாகக் கூடாது. சுவர் சாகலாம்.

இதெல்லாம் இலங்கை விவகாரம் என்று இருக்க வேண்டாம். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் எங்கள் மேற்குக் கடலோரத்து ஊர்களான தூத்தூர், சின்னத்துறை, பூத்துறை, வள்ளவிளை வழியாக ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. உடலும் கரையேறவில்லை. அவர்களுக்கும் வரிசையாக முகங்கள் அச்சாகின, ஃபிளெக்ஸில். காணாமல் போனவனை இறந்தவனாகக் கொள்ள ஏழு வருஷம் என்பது சட்டத்தின் பொது விதி. பேரிடரில் அரசு உத்தரவு போட்டுத் தளர்த்தும். கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு காகிதம் வந்தால் போதும், கணக்கு முடிந்துவிடும். சிவப்பு மையில் கோடு போட்டு நாமினிக்குப் பணத்தைக் கொடுப்போம். ஃபிளெக்ஸுக்கு ஏழு வருஷம்கூட ஆயுள் கிடையாது. அங்கே சிற்பி யாரும் வரவில்லை, காட்சி அமைக்கவில்லை என்பதால் அந்த முகங்கள் விமர்சனத்துக்கு வெளியே என்று நான் நினைக்கவில்லை. பேனர் கட்டிய இடம் கடலைப் பார்த்த இடம். அந்த இடத்தைத் தேர்ந்துகொண்டவர்களுக்குக் காரணம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் படங்களில் முக்கால்வாசி யாரோ ஒருவருடைய செல்போனில் இருந்தவை. செல்போன் காகிதத்தைவிடச் சீக்கிரம் சாகிறது. ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலைக்குக் கலைஞனும் வேண்டாம், அகாதெமியும் வேண்டாம். ஒரு லெட்ஜர் வேண்டும். பெயர். ஊர். படம் எதிலிருந்து எடுத்தது. கொண்டுவந்தவர் யார், என்ன உறவு. முதலில் வைத்த தேதி. மாற்றிய தேதிகள். மாற்றியவர் கையெழுத்து. கையெழுத்துக் கட்டத்தை மட்டும் கொஞ்சம் நீளமாக விடவேண்டும். ஒரே படத்துக்குப் பல பேர் போட வேண்டிவரும்.